அகாடமிக்குள் அழைத்துவரப்பட்ட செருப்புத் தொழிலாளி: கவிஞர் நெக்குலுட்சாவுக்கு நேர்ந்தது என்ன?

1948 ஜூன் 9 அன்று ருமேனியாவில் ஓர் அரசாணை வந்தது. 1866 முதல் இயங்கிவந்த ருமேனிய அகாடமியைக் கலைத்துவிட்டு, 'ருமேனிய மக்கள் குடியரசின் அகாடமி' என்ற புதிய பெயரில், முழுக்க அரசின் கைக்குள் அடங்கிய ஓர் அமைப்பை அந்த ஆணை உருவாக்கியது. பழைய உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குப் புதிய அமைப்பில் இடமில்லை. கவிஞரும் தத்துவவாதியுமான லூச்சியான் பிளாகாவை வெளியே அனுப்பினார்கள். அகாடமியின் முன்னாள் தலைவர்களான தத்துவப் பேராசிரியர் ரதுலெஸ்கு மோத்ருவும் சமூகவியலாளர் திமித்ரியே குஸ்தியும் வெளியேற்றப்பட்டார்கள். வரலாற்றாசிரியர் கியோர்கே பிரத்தியானுவின் பதவி பறிபோனது. பின்னால் அவர் சிகெத் சிறையிலேயே இறந்துபோனார்.

அதே ஆண்டில், காலமாகிவிட்ட சில எழுத்தாளர்களை அந்தப் புதிய அகாடமி மறைவுக்குப் பிந்தைய உறுப்பினர்களாக அறிவித்தது. அதில் ஒரு பெயர் துமித்ரு தியோதோர் நெக்குலுட்சா. 44 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோன மனிதர். செருப்புத் தைத்துப் பிழைத்தவர். கவிதை எழுதியவர்.

கம்யூனிஸ்ட் ஆட்சியின் பண்பாட்டுக் கொள்கையைப் பற்றிப் பேசுகிற ருமேனியர்கள் இன்றும் இந்தச் சம்பவத்தை எடுத்துச் சொல்வார்கள். தத்துவவாதியைத் துரத்திவிட்டுச் செருப்புத் தைப்பவரைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள் என்று. ஆட்சியைப் பற்றிச் சொல்வதாக எடுத்துக்கொண்டால் அது உண்மை. ஆனால் அந்தச் செருப்புத் தொழிலாளியைப் பொறுத்தவரை அது பெரிய அநியாயம். நடந்த எதையும் அவர் கேட்டு வாங்கவில்லை. யாருடைய நாற்காலியையும் அவர் பிடுங்கவில்லை. உயிரோடு இருந்த காலத்தில் தன் கவிதைகள் ஒரு முழுப் புத்தகமாக வந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை. இன்று அவர் பெயர் நினைக்கப்படுவது ஒரு கேலிக்கான உதாரணமாக. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த ஆள் யார், என்ன எழுதினார் என்று கேட்பவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை அதைத்தான் கேட்கிறது.

நெக்குலுட்சா பிறந்தது 1859-இல், மால்தோவியப் பகுதியில் யாஷ் நகரத்துக்கு மேற்கே உள்ள தர்கு ஃப்ருமோஸ் என்ற சிறு சந்தை ஊரில். மால்தோவியா, வலாக்கியா என்ற இரு சிற்றரசுகளும் ஒரே இளவரசரின்கீழ் சேர்ந்து நவீன ருமேனியாவாக ஆகத் தொடங்கிய ஆண்டு அது. அவர் வளர்ந்த காலத்தில் புதிய அரசு பெரிய சட்டங்களைப் போட்டுக்கொண்டிருந்தது. 1864-இல் நிலச் சீர்திருத்தம் வந்தது, கட்டாய இலவசத் தொடக்கக் கல்விச் சட்டமும் வந்தது. காகிதத்தில் பார்த்தால் அந்தக் கல்விச் சட்டம் ஐரோப்பாவிலேயே முற்போக்கானவற்றில் ஒன்று. நடைமுறை வேறு. சட்டம் வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1899 கணக்கெடுப்பின்போதும் மக்களில் முக்கால் பங்குக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஏழைக் குடும்பத்தில் பிறந்த நெக்குலுட்சாவுக்குத் தொடக்கப் பள்ளிப் படிப்பு கிடைத்ததே அதிகம். மீதியெல்லாம் அவரே தேடிப் படித்தது.

அவருக்கு முதலில் வந்த ஆசை இசைமீது. இசைக்கலைஞராக வேண்டும் என்று விரும்பினார், சமூக வழக்கம் அதைத் தடுத்துவிட்டது. இதை வெறும் பெற்றோர் கண்டிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. ருமேனியாவில் கல்யாணம், கிராமத் திருவிழா, சாராயக்கடை என எங்கும் வாசிக்கும் பரம்பரை இசைக்கலைஞர்களை 'லௌதாரி' என்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரோமா இனத்தவர், அதாவது ஜிப்சிகள் என்று வெளியே அழைக்கப்பட்டவர்கள். அந்த ரோமா மக்கள் நூற்றாண்டுகளாக ருமேனிய நிலங்களில் அடிமைகளாக இருந்தவர்கள். நிலப்பிரபுவும் மடாலயமும் அவர்களை வாங்கவும் விற்கவும் முடிந்தது. மால்தோவியாவில் அந்த அடிமைமுறை முழுமையாக ஒழிந்தது 1855-இல், வலாக்கியாவில் 1856-இல். நெக்குலுட்சா பிறப்பதற்கு வெறும் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு! அடிமைமுறை போனாலும் அந்தத் தொழிலின் மேல் ஒட்டிய இழிவு போகவில்லை. எவ்வளவு ஏழையாக இருந்தாலும் தன் பிள்ளை 'அவர்கள் தொழிலுக்கு' போகக்கூடாது என்ற எண்ணம் ருமேனியக் குடும்பங்களில் ஊறிக் கிடந்தது. வயிற்றுப்பாட்டுக்கு வழி என்று பையனுக்குக் கிடைத்தது செருப்புத் தொழில்.

செருப்புத் தொழிலைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கவிஞரைப் புரிந்துகொள்ள அது அவசியம். பட்டறை என்றால் பெரும்பாலும் ஓர் அறைதான். உயரம் குறைந்த முக்காலி. மடியில் கவிழ்த்துப் பிடித்த காலணி, அதற்குள் மரத்தாலான கால் அச்சு. குத்தூசியால் தோலில் துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலை இரண்டு பக்கமிருந்தும் எதிரெதிராக இழுத்து இறுக்க வேண்டும். ஒரு நாளில் அதே அசைவு ஆயிரக்கணக்கான தடவை. முதுகு வளைந்துவிடும், மார்பு ஒடுங்கிவிடும், கண் மங்கும். ஆனால் கொல்லன் பட்டறைபோல் அங்கே இரைச்சல் கிடையாது. கை ஓடிக்கொண்டே இருக்கும், வாயும் காதும் சும்மா இருக்கும். ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, மற்றவர்கள் தைத்துக்கொண்டே கேட்கலாம், வாதாடலாம். வாடிக்கையாளர் எல்லா வகுப்பிலிருந்தும் வருவார்கள், ஊர்ச் சங்கதி அத்தனையும் அங்கே வந்து சேரும்.

வரலாற்றாசிரியர்கள் எரிக் ஹாப்ஸ்பாமும் ஜோன் ஸ்காட்டும் 1980-இல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் ஆராய்ந்தது. ஐரோப்பாவில் எந்தக் கலகத்தை எடுத்தாலும் ஏன் இவ்வளவு செருப்புத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள் என்பது அவர்கள் கேள்வி. கைக்கருவிக்கு அதிகப் பணம் வேண்டாம் என்பதால் ஏழைகள் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். உடல் வலு குறைந்த பையன்களையும் இதற்கே அனுப்பினார்கள், அவர்களில் பலருக்குப் படிப்பில் நாட்டம் இருந்தது. உட்கார்ந்து செய்யும் வேலை சிந்திக்க இடம் கொடுத்தது. நியூரம்பர்கின் ஹான்ஸ் சாக்ஸ் 16-ஆம் நூற்றாண்டிலேயே செருப்புத் தைத்தபடி ஆயிரக்கணக்கில் பாட்டெழுதியவர். 1792-இல் லண்டனில் வாக்குரிமைக்காகச் சங்கம் தொடங்கிய தாமஸ் ஹார்டி செருப்புத் தொழிலாளி. ருமேனியாவை 1965 முதல் 1989 வரை ஆண்ட நிக்கோலாய் சௌஷெஸ்குவும்கூடப் பதினொரு வயதில் புக்கரெஸ்டுக்கு வந்து ஒரு செருப்புப் பட்டறையில் உதவிப் பையனாகச் சேர்ந்தவர்தான். அந்த முதலாளியே கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். ஆக, நெக்குலுட்சா சோஷலிசத்துக்கு வந்தது விபத்தல்ல. அவர் தொழிலுக்கு அது பழகிய பாதை.

இன்னொரு காரணம் பொருளாதாரம். 1875-இல் ருமேனியா ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசோடு ஒரு வணிக உடன்படிக்கை செய்துகொண்டது. ருமேனியத் தானியமும் கால்நடையும் அந்தப் பக்கம் போக, ஆலைகளில் செய்த துணியும் காலணியும் இந்தப் பக்கம் மலிவாக வந்து குவிந்தன. உள்ளூர்க் கைவினைஞர்களால் அந்த விலைக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. பத்தாண்டுகள் கழித்து 1886-இல் உடன்படிக்கை முறிந்து சுங்கப் போர் தொடங்கியபோது பலர் ஏற்கெனவே கடையை மூடியிருந்தார்கள். உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது நெக்குலுட்சாவுக்குப் பதினாறு, பதினேழு வயது. தொழில் கற்று முடித்துச் சொந்தக்காலில் நிற்கவேண்டிய வயதில் அந்தத் தொழிலே சரியத் தொடங்கியிருந்தது. ஒரு தலைமுறைக்கு முன்பு தொழில் கற்ற பையன் ஒருநாள் தானும் முதலாளி ஆவோம் என்று நம்பலாம். இவர் தலைமுறைக்கு அந்த நம்பிக்கை கிடையாது. கடைசிவரை கூலிக்காரன்தான் என்று புரிந்துகொண்ட கைவினைஞரின் குரல் இவருடையது. ருமேனியாவில் ஆலைத் தொழிலாளர் வர்க்கம் பெரிதாக உருவாகாத காலத்தில் பாட்டாளிக் கவிதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இதில் இருக்கிறது: சிதைந்துகொண்டிருந்த பட்டறைகளிலிருந்து.

அக்காலத்து ருமேனிய சோஷலிசம் விசித்திரமான ஒரு சேர்க்கை. அதன் மூளை யாஷ் நகரத்தில். 1881-இல் அங்கே நதேஜ்தே சகோதரர்கள் தொடங்கிய 'சமகாலத்தவன்' என்ற இதழ் டார்வினையும் மார்க்ஸையும் ருமேனிய வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது. அதன் பெரிய விமர்சகர் கான்ஸ்தாந்தின் தொப்ரோஜானு-கெரேயா, ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பிவந்த யூதர், ப்ளொயெஷ்தி ரயில் நிலையத்தில் உணவகம் நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். கலை கலைக்காகவே என்று வாதிட்ட விமர்சகர் தீத்து மயோரெஸ்குவுக்கு, எந்தக் கலையும் தன் சமூகத்தின் சாய்வைச் சுமந்தே தீரும் என்று 1886-இல் அவர் பதில் எழுதினார். ருமேனிய விமர்சனத்தின் மிக முக்கியமான விவாதம் அது, இன்றுவரை அதன் எதிரொலி ஓயவில்லை.

ஆனால் இந்த வட்டத்தில் இருந்த தொழிலாளர்கள் மிகச் சிலர். வசிலே மோர்ட்சுன் நிலக்கிழார் குடும்பத்துப் பிள்ளை. கான்ஸ்தாந்தின் மில்லே வழக்கறிஞர், பின்னாளில் பெரிய நாளிதழ் முதலாளி. கவிஞர் புஸ்துகான் நீதித்துறையில் இருந்தவர். உழைப்பாளியைப் பற்றி உருக்கமாக எழுதியவர்கள் நிறைய. உழைப்பாளியே எழுதியது அரிது. வாக்குரிமையும் சொத்தை வைத்தே பிரிக்கப்பட்டிருந்தது. 1884-க்குப் பிறகும் மூன்று அடுக்குகளாக வாக்காளர்களைப் பிரித்து, ஏழைகளின் வாக்கு எடை குறைந்ததாகவே வைக்கப்பட்டிருந்தது. 1893-இல் ருமேனியத் தொழிலாளர் சமூக ஜனநாயகக் கட்சி பிறந்தபோது, அதன் மேடைக்கு உண்மையான ஒரு தொழிலாளி-கவிஞர் தேவைப்பட்டார். 1890-களில் சோஷலிச ஏடுகளில் எழுதத் தொடங்கிய நெக்குலுட்சா அந்த இடத்தில் வந்து நின்றார்.

சரி, கவிதைக்கு வருவோம். அவர் புரட்சிகரமான புதிய வடிவம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் செவியில் ஒலித்துக்கொண்டிருந்தது இரண்டு பேருடைய யாப்பு. ஒருவர் ருமேனியாவின் தேசியக் கவிஞராகக் கருதப்படும் எமினெஸ்கு. அவர் 1874-இல் எழுதிய 'பேரரசனும் பாட்டாளியும்' என்ற நெடுங்கவிதையில், பாரிஸ் கம்யூன் (1871-இல் பாரிஸில் சில வாரங்கள் நீடித்த தொழிலாளர் ஆட்சி) காலத்துச் சாராயக்கடையில் ஒரு பாட்டாளி எழுந்து நின்று பணக்காரர்களின் நீதியைக் கிழித்துப் போடுகிறான். ஆனால் கவிதை முடியும்போது எமினெஸ்கு அந்தக் கோபத்திலிருந்து விலகி, எல்லாம் கனவே என்ற விரக்தியில் போய் நிற்கிறார். இன்னொருவர் உழவர் வாழ்வைப் பாடிய கவிஞர் கொஷ்புக். 1894-இல் அவர் வெளியிட்ட 'எங்களுக்கு நிலம் வேண்டும்' கவிதையில் உழவர்கள் பன்மையில் பேசுகிறார்கள், கெஞ்சலாகத் தொடங்கி மிரட்டலில் முடிக்கிறார்கள். ஒரு பாதிரியாரின் மகன் எழுதிய கவிதை அது. இடதுசாரிகள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

நெக்குலுட்சா எமினெஸ்குவிடமிருந்து ஓசையையும் துயரத்தையும் எடுத்துக்கொண்டார், கொஷ்புக்கிடமிருந்து அந்தப் 'நாங்கள்' என்ற பன்மைக் குரலை. அவருடைய மிகப் பிரபலமான கவிதையின் பெயரே 'அடிமைகளின் கூட்டுப்பாட்டு'. இசைக்கலைஞராக விரும்பிய ஒருவர், தன் முக்கியமான கவிதையைக் கூட்டுப்பாட்டு என்று வடிவமைத்தது எனக்குப் பொருள் நிறைந்ததாகப் படுகிறது. தனிமனிதனின் புலம்பலாக எழுதியிருக்கலாம். பலர் சேர்ந்து உரக்கப் பாடும்படி எழுதினார். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆன பிறகு, கூலித் தொழிலாளிகளை அடிமைகள் என்று அழைக்கும் துணிச்சலும் அந்தத் தலைப்பில் இருக்கிறது. தர்கு ஃப்ருமோஸில் வளர்ந்தவருக்கு அந்த அடிமைகள் புத்தகத்தில் படித்தவர்கள் அல்லர். அடிமைகளாகப் பிறந்து விடுதலையானவர்கள் அவர் சிறுவனாக இருந்த காலத்து மால்தோவியாவில் உயிரோடு நடமாடினார்கள்.

நூறாண்டு கழித்து நிதானமாகப் பார்த்தால் அவர் ஒரு சிறு கவிஞர்தான். எமினெஸ்குவின் நிழல் பல இடங்களில் கனமாக விழுகிறது. சுயமாகப் படித்தவர்களுக்கு இது நேர்வதுண்டு: தான் எந்தக் கதவு வழியாக இலக்கியத்துக்குள் வந்தோமோ அந்தக் கதவைவிட்டு நகர முடியாமல் போவது. பள்ளியில் படித்தவன் பத்துப் பேரைப் பார்த்துக் குழம்பித் தெளிகிறான். தனியாகப் படித்தவன் ஒருவரைத் தெய்வமாக்கிக்கொள்கிறான். ஆனால் சிறு கவிஞர் என்பது வசை அல்ல. அவரிடம் உள்ள ஒன்று, அவரைவிடத் தேர்ந்த கவிஞர்களிடம் அப்போது இல்லை. கொஷ்புக்கின் உழவன் கவிஞரின் கருணையால் பேசுகிறான். எமினெஸ்குவின் பாட்டாளி கவிஞரின் தத்துவத்தால் பேசுகிறான். நெக்குலுட்சாவின் 'நாங்கள்' எழுதியவனையும் சேர்த்துக்கொண்ட 'நாங்கள்'. யாப்பு இரவல், குரல் சொந்தம். ருமேனியக் கவிதையில் இந்த இடத்துக்கு முதலில் வந்தவர்களில் ஒருவர் என்ற உரிமை அவருக்கு உண்டு. அதைத் தர எந்த அகாடமியும் தேவையில்லை.

1899-இல் கட்சி உடைந்தது. மோர்ட்சுன், இயோன் நதேஜ்தே முதலான படித்த தலைவர்கள் ஒட்டுமொத்தமாகத் தேசிய லிபரல் கட்சியில் போய்ச் சேர்ந்தார்கள். ருமேனிய வரலாற்றில் இவர்களுக்கு 'பெருந்தன்மையாளர்கள்' என்று பெயர். அப்படிச் செல்வந்த வீடுகளிலிருந்து இறங்கிவந்து ஏழைகளுக்காகப் பேசியவர்கள் என்பதால் வந்த பெயர். சிலர் பின்னாளில் அமைச்சராகவும் ஆனார்கள். ஒரு செருப்புத் தொழிலாளிக்கு அப்படிப் போய்ச் சேர வேறு கட்சி எதுவும் இல்லை. தலைவர்கள் போனபின் எஞ்சியவர்கள் பெரும்பாலும் தச்சர்கள், அச்சுத் தொழிலாளர்கள், தையல்காரர்கள், செருப்புத் தொழிலாளர்கள். அவர்கள்தான் அந்த இயக்கத்தைச் சிறிய கூட்டங்களிலும் சிறிய ஏடுகளிலும் உயிரோடு வைத்திருந்தார்கள். 1902-இல் வந்த கைத்தொழில் சட்டம் முதலாளியையும் தொழிலாளியையும் ஒரே கட்டாயச் சங்கத்துக்குள் அடைத்தது. பட்டறையில் கூலி கேட்டால் மறுக்கும் முதலாளியும் சங்கத்தில் பக்கத்து நாற்காலியில் என்றால், தொழிலாளி வாயைத் திறப்பது எப்படி? அந்தச் சட்டத்தை எதிர்த்தே புதிய தொழிற்சங்க இயக்கம் மெல்ல எழுந்தது.

அது எழுந்து நிற்பதைப் பார்க்க நெக்குலுட்சாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1904 அக்டோபர் 17 அன்று புக்கரெஸ்டில் காலமானார். வயது நாற்பத்தைந்து. வெளியே பெரிதாக யாருக்கும் தெரியாத மரணம்.

1905-இல் சோஷலிசத் தலைவர் கிறிஸ்தியான் ரக்கோவ்ஸ்கியும் தோழர்களும் 'உழைக்கும் ருமேனியா' என்ற ஏட்டைப் புதுப்பித்தார்கள். அந்த வட்டத்தினர் இறந்துபோன கவிஞரின் கவிதைகளைத் திரட்டினார்கள். 'நீதியின் கரை நோக்கி' என்ற தலைப்பில் 1907-இல் புத்தகம் வெளிவந்தது. அந்த ஆண்டு ருமேனியாவுக்கு என்ன ஆண்டு என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். 1907 பிப்ரவரியில், நெக்குலுட்சா பிறந்த ஊருக்கு வடக்கே ஃப்லமன்ஸி என்ற கிராமத்தில் குத்தகை விவகாரத்தில் தொடங்கிய உழவர் கலகம் சில வாரங்களில் நாடு முழுவதும் பரவியது. பண்ணை வீடுகள் எரிந்தன. அரசு ராணுவத்தை இறக்கியது, சில இடங்களில் பீரங்கியால் கிராமங்களைச் சுட்டார்கள். செத்தவர்கள் சில நூறு பேர் என்றது அரசு, 11,000 பேர் என்று எழுதின பத்திரிகைகள். சரியான கணக்கு இன்றும் சர்ச்சைதான். கலகத்தைத் தூண்டினார் என்று ரக்கோவ்ஸ்கியை நாட்டைவிட்டே அனுப்பினார்கள். அடிமைகள் எழுந்து பாடுவதாக எழுதியவரின் புத்தகம், நிஜமாகவே உழவர்கள் எழுந்து நசுக்கப்பட்ட அதே ஆண்டில் கைக்கு வந்தது. தொழிலாளர் மன்றங்களில் அந்தக் கவிதைகளை உரக்கப் படித்தவர்களுக்கு அவை பழைய கவிதைகளாகத் தோன்றியிருக்க வழியில்லை.

அதற்குப் பிறகு சில பத்தாண்டுகள் அவர் சோஷலிச வட்டங்களின் கவிஞராக இருந்தார். 1924-இல் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டபின் அதன் தலைமறைவு வட்டங்களும் அவர் பெயரைக் காப்பாற்றின. இதுவரை நடந்த எதிலும் தவறில்லை. ஓர் இயக்கம் தன் பாடகனை நினைவில் வைத்துக்கொள்வது இயல்பு. சிக்கல் அந்த இயக்கம் அரசாங்கமாக ஆனபோது தொடங்குகிறது.

1948 ஜனவரியில் கட்சி நாளிதழான 'ஸ்கின்தெயா' நான்கு இதழ்களில் தொடராக ஒரு கட்டுரை வெளியிட்டது. உயிரோடு இருந்த ருமேனியக் கவிஞர்களில் மிகப் பெரியவரான தூதோர் அர்கேஸியின் கவிதை அழுகல் நாற்றம் அடிக்கிறது என்பது அதன் சாரம். எழுதியவர் சோரின் தோமா. அவருடைய தந்தை ஏ. தோமா, புதிய ஆட்சி பெரும் கவிஞராகத் தூக்கிப் பிடித்தவர். அர்கேஸியின் புத்தகங்கள் நின்றுபோயின. அதே ஆண்டு வெளியான தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள். ஆகஸ்டில் கல்விச் சட்டம் மாறியது, பாடநூல்கள் மாறின. இவ்வளவு பேரை நீக்கினால் பெரிய வெற்றிடம் வரும், அந்த வெற்றிடத்தில் யாரையாவது வைத்தாக வேண்டும். எமினெஸ்கு, நாடகாசிரியர் கரஜியாலே ஆகியோரையும் மறைவுக்குப் பிந்தைய உறுப்பினர்களாக அப்போது சேர்த்தார்கள். அது உண்மையில் பழைய கடன் தீர்ப்பு: 1891-இல் கரஜியாலேவின் நாடகங்களுக்குப் பரிசு தர மறுத்ததே பழைய அகாடமிதான். அந்த வரிசையிலேயே நெக்குலுட்சாவையும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பாடநூலில் சேர்த்தார்கள். 1954-இல், அவர் இறந்து ஐம்பது ஆண்டுகள் ஆனதை ஒட்டி, அவர் படத்தோடு தபால்தலை வெளியிட்டார்கள்.

ஏன் அவரை? பாட்டாளிப் பின்னணி உள்ள எழுத்தாளர் வேண்டுமென்றால் ருமேனியாவில் அவரைவிட ஆயிரம் மடங்கு புகழ்பெற்ற ஒருவர் இருந்தார்: பனாயித் இஸ்த்ராத்தி. பிரெய்லா துறைமுகத்தில் துணி வெளுத்துப் பிழைத்த தாயின் மகன். பெயின்டர் வேலை, ஹோட்டல் வேலை என்று எத்தனையோ வேலை பார்த்து, துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் உழைத்து, 'உழைக்கும் ருமேனியா'விலேயே எழுதத் தொடங்கி, பின்னால் பிரெஞ்சில் எழுதி ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கியவர். பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலாந்த் தோளில் கைபோட்டு அழைத்துவந்த எழுத்தாளர். தொழிலாளி-எழுத்தாளர் என்று உலகத்துக்குக் காட்ட இவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது. ஆனால் இஸ்த்ராத்தி 1920-களின் கடைசியில் சோவியத் ஒன்றியத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, அங்கே தொழிலாளிக்கு நடக்கும் அநீதியை 1929-இல் பகிரங்கமாக எழுதிவிட்டார். பழைய தோழர்கள் அவரைத் துரோகி என்றார்கள். 1935-இல் காசநோயில் செத்தார். 1948-இல் புதிய அரசுக்கு அவர் வேண்டாதவர்.

நெக்குலுட்சாவைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் இங்கே தெளிவாகிவிடுகிறது. அவர் ரஷ்யப் புரட்சிக்கு 13 ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். லெனினைப் பற்றியோ ஸ்டாலினைப் பற்றியோ ஒரு கருத்தும் சொல்ல அவருக்கு வாய்ப்பிருக்கவில்லை. எதையும் மறுக்க முடியாத, எந்தக் கேள்வியும் கேட்காத பாட்டாளி. உயிருள்ள தொழிலாளி எதைச் சொல்வான் என்று உறுதியில்லை, இறந்தவன் வாயில் எதையும் வைக்கலாம். தன் வாழ்நாளில் சங்கம் கேட்டு, வாக்கு கேட்டு, எட்டு மணிநேர வேலை கேட்டு நின்ற ஓர் இயக்கத்தின் கவிஞரை, வேலைநிறுத்தமே செய்ய முடியாத ஓர் அரசின் அடையாளமாக மாற்றினார்கள். எனக்கு இதுவே பெரிய அநீதியாகத் தெரிகிறது. பிளாகாவுக்கு நடந்த கொடுமை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, தெரியவும் வேண்டும்: வேலை போயிற்று, க்ளூஜ் நகரில் நூலக வேலையோடு ஒதுங்கி வாழ்ந்தார், மொழிபெயர்ப்பாளராக மட்டுமே அவர் பெயர் அச்சில் வந்தது, கவிதைத் தொகுப்பு மறுபடி வெளிவந்தது இறந்த மறு ஆண்டான 1962-இல். செருப்புத் தொழிலாளிக்கு நடந்தது கொடுமையாகத் தோன்றாது, ஏனென்றால் அது மரியாதையின் உடுப்பில் வந்தது.

அந்த மரியாதையும் நிலைக்கவில்லை. 1950-களின் நடுவிலேயே அர்கேஸி திரும்பிவந்தார், 1955-இல் அகாடமி உறுப்பினரும் ஆனார். 1960-களில் ஆட்சி தேசியப் பெருமை பேசத் தொடங்கியதும் மயோரெஸ்குவும் பிளாகாவும் மறுபடி அச்சேறினார்கள். பெரிய பெயர்கள் கையில் கிடைத்தபின் சிறு கவிஞரின் தேவை முடிந்துபோனது. சத்தமில்லாமல் அவரை ஓரத்துக்குத் தள்ளினார்கள். வைத்தபோதும் அவர் கவிதைக்காக வைக்கவில்லை, எடுத்தபோதும் கவிதையைப் படித்துப் பார்த்து எடுக்கவில்லை. 1990-இல் அகாடமி 1948-இல் நீக்கப்பட்டவர்களை முறைப்படி மீண்டும் சேர்த்துக்கொண்டது. அது நியாயமான தீர்ப்பு. அதே வேகத்தில் நெக்குலுட்சா என்ற பெயர் அந்தக் காலத்து அபத்தத்தின் சுருக்கக் குறிப்பாக மட்டும் தங்கிவிட்டது. 'செருப்புத் தைப்பவரை அகாடமியில் வைத்தார்கள்' என்று சொல்லும்போது, கேலி ஆட்சிமேல் போகிறதா, செருப்புத் தைத்தவர் மேல் போகிறதா என்று சொல்பவர்களே யோசிப்பதில்லை. தொழிலின் பெயரையே நகைப்புக்குப் போதுமானதாக எடுத்துக்கொள்ளும் அந்தப் பேச்சில், பையனை இசையிலிருந்து விலக்கிய அதே பழைய சாதிமனம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்பது என் கருத்து.

அவரைப் படிக்க விரும்புகிறவர் 1948-ஐ முழுவதும் ஒதுக்கிவைத்துவிட்டு 1890-களுக்குப் போவது நல்லது. கொஷ்புக்கின் நிலம் கேட்கும் கவிதையையும் 'அடிமைகளின் கூட்டுப்பாட்டை'யும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். கைத்திறன் யாரிடம் அதிகம் என்பது உடனே தெரியும், அது கொஷ்புக்தான். அப்புறம், அந்த 'நாங்கள்' என்பதற்குள் எழுதியவர் இருக்கிறாரா என்ற கேள்வியோடு இரண்டையும் இன்னொரு தடவை படிக்கலாம். நெக்குலுட்சாவின் காதல் கவிதைகளையும் விட்டுவிடக் கூடாது. ஆட்சி அவற்றைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, கேலி செய்பவர்களும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் நாள் முழுக்க முதுகு வளைத்துத் தைத்துவிட்டு எழுத உட்கார்ந்த அந்த மனிதர் புரட்சியைப் பற்றி மட்டும் எழுதவில்லை.